வாய்க்கால் ஊரில் சொட்டுக் குழாய் விற்றவன்

யாருக்கு எது வேண்டாமோ அதை அவர் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய் நீட்டுகிறவனுக்கு விற்பனைப் பிரதிநிதி என்று பெயர். சைக்கிளில் பாத்திரம் கட்டி விற்றவர்கள், ஆயுள் காப்பீட்டுக்கு ஆள் பிடித்தவர்கள், புது உர மூட்டையோடு ஊர் ஊராக அலைந்தவர்கள் எல்லோரும் என் இனம்தான். ஆனாலும் நான் பட்ட பாடு தனி. எண்பதுகளில், பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் புரண்டு ஓடும் கம்பம் பள்ளத்தாக்கில், பாலைவனத்துச் சொட்டு நீர்க் குழாயை விற்க அலைந்தவன் நான்.

எலி வளை

அந்தக் குழாயை நான் முதலில் பார்த்தது வளைகுடா நாடு ஒன்றில், ஒரு ஷேக்கின் வெள்ளரித் தோட்டத்தில். "விவசாயம் தெரியுமா?" என்று பம்பாய் ஏஜெண்ட் கேட்டபோது, "எனக்குக் கம்பம் பக்கம்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்வது எங்கள் மண்ணுக்கே அவமானம் என்ற நினைப்பு. அங்கே தண்ணீர் லாரியில் வரும். நாங்கள் குடிப்பதும் அதுதான், வெள்ளரி குடிப்பதும் அதுதான்.

குழாய் போடும் வேலை தொடங்கும் முன்பே என் திறமையைக் காட்டிவிட நினைத்தேன். மணலில் வரப்புக் கட்டி, பாத்தி பிடித்து, தொட்டியை முழுக்கத் திறந்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசிப் பாத்தியில் மண்வெட்டியோடு நின்றேன். தண்ணீர் வந்ததும் மடை மாற்ற வேண்டுமல்லவா? வரவே இல்லை. முதல் பாத்தியையே தாண்டவில்லை. எங்கள் ஊரில் இப்படி நடந்தால் வரப்பில் எலி வளை இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே குனிந்து எலி வளை தேட ஆரம்பித்தேன். உலகத்திலேயே பாலைவனத்தில் எலி வளை தேடிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். காலியான தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார் பாலக்காட்டு சூப்பர்வைசர். அன்றிலிருந்து அடுத்த லாரி வரும்வரை யாருக்கும் குளியல் கிடையாது. அவர் சொன்னார்:

"இது உங்க பெரியாறு இல்லை கேட்டோ. மணல் வயிறு நிறையக் குடிச்சாச்சு, வெள்ளரி வாயைக்கூட நனைக்கலை."

துபாய் மாமா

அதன்பிறகு அவரே எனக்குச் சொட்டு நீர் போடக் கற்றுக்கொடுத்தார். நன்றாகவே கற்றுக்கொண்டேன். ஊர் திரும்பியபோது, பிறந்ததிலிருந்து என்னைப் பார்க்காத என் மகள் ஓடிப்போய் அவள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு "துபாய் மாமா" என்றாள். நான் இருந்தது துபாய் அல்ல. ஆனால் எங்கள் பக்கத்தில் கடலுக்கு அந்தக் கரை எல்லாமே துபாய்தான். எல்லோரும் சிரித்தார்கள். இனிமேல் விமானம் ஏறுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முடிவு செய்தால் போதுமா? வேலை வேண்டுமே. மதுரையில் சொட்டு நீர்க் குழாய் விற்கத் தொடங்கியிருந்த ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். என்னைத் தேனியில் இறக்கிவிட்ட மேனேஜர் நிபந்தனையைத் தெளிவாகச் சொன்னார்:

"ஆவணிக்குள்ள ஒரு தோட்டம், ஒரே ஒரு தோட்டம் ஜெயிச்சுக் காட்டுங்க. இல்லைன்னா மறுபடியும் ஒட்டகத்துக்கிட்டயே போயிருங்க."

ராயப்பன்பட்டியில் வைத்தியம்

முதல் செயல்விளக்கத்தை ராயப்பன்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்தவர்கள் அப்படியே தோட்டத்துக்கு வந்துவிட்டதால் நல்ல கூட்டம். ஒரு வரிசைக் கொடிகளுக்குக் கறுப்புக் குழாய் இழுத்து, ஒவ்வொரு கொடியின் தூரிலும் ஓர் ஊசித் துளை வருமாறு வைத்திருந்தேன். தண்ணீரின் அருமையைப் பற்றிப் பேசிவிட்டு, மந்திரி திறந்துவைப்பதுபோல வால்வைத் திருகினேன்.

எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். நானும் புன்னகையோடு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர், "தண்ணி எப்ப வரும்?" என்றார். "வந்துக்கிட்டுத்தான் இருக்குங்க" என்றேன். வெள்ளைச் சட்டையும் ஜெபமாலையுமாக நின்ற பெரியவர் குனிந்து, சொட்டுவதைப் பார்த்துவிட்டு, கொடியின் தண்டை நாடி பிடிப்பதுபோலத் தொட்டுப் பார்த்தார். பிறகு உண்மையான கவலையோடு என்னிடம் கேட்டார்:

"நல்லாத்தான தம்பி இருக்கு கொடி? இதுக்கு எதுக்குக் குளுக்கோஸ் ஏத்துறீக?"

கோணி ஊசி

அந்தப் பேச்சு எனக்கு முன்னால் பஸ் ஏறிவிட்டது. எந்த ஊரில் இறங்கினாலும் "குளுக்கோஸ்காரர் வந்துட்டாக" என்றார்கள். ஆனாலும் சின்னமனூர்ப் பக்கம் பேச்சியம்மா என்ற விவசாயி, போனால் போகிறதென்று நாலு வரிசைக்குக் குழாய் போடச் சம்மதித்தார். எனக்கு அந்த வாரம் சோறு தனி ருசியாக இருந்தது.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், முதல் இரண்டு கொடிகளுக்கு அடியில் குளம். மற்றதெல்லாம் காய்ந்து கிடந்தது. குழாயைத் தூக்கிப் பார்த்தேன். வாய்ப் பக்கத்துத் துளைகளை யாரோ கோணி ஊசியால் விரல் நுழையும்படி பெரிதாக்கியிருந்தார்கள். யாரோ என்ன, பேச்சியம்மாவேதான். ஊசி அவர் கொண்டையில் செருகியபடி இருந்தது. மூன்றாவது கொடிக்குத் தண்ணீர் வருவதற்குள் கரண்ட் போய் மோட்டார் நின்றுபோனதாம். அழுத்தம், அளவு, ஆவியாதல் என்று பாலைவனத்தில் கற்ற பாடம் முழுவதையும் ஒப்பித்தேன். இரக்கத்தோடு கேட்டுவிட்டு ஒரு சொம்பு மோர் கொடுத்தார். குடித்து முடிந்ததும் சொன்னார்:

"வீட்டுக்கு வந்த ஒனக்கு மோரச் சொட்டுச் சொட்டாவா ஊத்துனேன்? வச்ச செடிக்கு மட்டும் பருக்கைய எண்ணிப் போடச் சொல்றியே, அடுக்குமா?"

மாமனாரின் பந்தல்

ஆடி பிறந்தது. மலைக்கு அந்தப் பக்கம், பெரியாறு அணைக்குத் தண்ணீர் வரும் காட்டில் மழை இல்லை. ஆற்றில் மணல் தெரிந்தது, கிணறுகள் இறங்கின. ஊரே வானத்தைப் பார்த்து வருத்தப்பட்டபோது, எனக்கு மட்டும் உள்ளூர ஒரு சின்ன நம்பிக்கை துளிர்த்தது. இப்படி ஒரு பாவி மனம் விற்பனைப் பிரதிநிதிக்குத்தான் வாய்க்கும்.

காமயகவுண்டன்பட்டியில் என் மாமனாருக்குத் திராட்சைப் பந்தல் இருந்தது. என் குழாயைப் பற்றி அவர் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை; மாப்பிள்ளை மரியாதை. கிணற்று மோட்டார் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கத் தொடங்கிய அன்று, என் மனைவி அவரிடம் போய் நின்றாள். "கொடிக்காகக் குழாய் போட வேணாம்ப்பா. அவுக திரும்பப் போயிட்டா பிள்ள அப்பன் மொகத்தையே மறந்துரும்" என்றாள். மாமனார் மறுபேச்சுப் பேசாமல் குழாயைப் போட்டு வால்வைத் திறக்கச் சொன்னார்.

பக்கத்துப் பந்தல்களில் இலை சுருண்டது. மாமனார் பந்தலில் கொடி பச்சை பிடித்து நின்றது. நான் தினமும் போய் அதைப் பார்த்தேன். நான்தான் வளர்க்கிறேன் என்று கொடி நினைத்துக்கொள்ளட்டும் என்று கொஞ்சம் தடவியும் கொடுத்தேன். மேனேஜருக்குத் தகவல் போயிற்று. விவசாயிகளை வேனில் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார். மாமனார் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"பொழைக்காதுன்னு கைவிட்ட கொடிய்யா. எங்க மாப்ள கை வச்சாக, எந்திரிச்சு ஒக்காந்துருச்சு."

வியாழக்கிழமை

வேனை அழைத்துவர நான் இரண்டு நாள் முன்னதாகவே மதுரைக்குப் போயிருந்தேன். திரும்பும்போது, உத்தமபாளையம் தாண்டியதும் வாய்க்காலைப் பார்த்தேன். கரை தொட்டு, செம்மண் நிறத்தில், நுரையோடு தண்ணீர் ஓடியது. மேலே மழை பிடித்து, மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் அணைத் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். "தண்ணி வந்துருச்சு!" என்று வேனுக்குள்ளேயே கத்தினேன். பள்ளத்தாக்கில் பிறந்தவன் வேறென்ன செய்வான்? திரும்பி மேனேஜரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் என்ன தொழில் செய்கிறேன் என்பது ஞாபகம் வந்தது.

தோட்டத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஆற்றில் வந்ததும் ஊற்றெடுத்துக் கிணறும் ஏறிவிட்டதாம். மாமனார் மண்வெட்டியோடு, முகமெல்லாம் சிரிப்பாக மடை மாற்றிக்கொண்டிருந்தார். என் குழாய் முழுவதும் சுருள் சுருளாகக் கல்தூணில் தொங்கியது. ஒரு துண்டு மட்டும் இரண்டு தூணுக்கு நடுவே துணிக்கொடியாகக் கட்டப்பட்டு, அதில் மாமியாரின் சேலை காய்ந்தது. "என்ன மாமா இது?" என்றேன். அவர் சொன்னார்:

"அங்கன பத்திரமாத்தான் வச்சிருக்கேன் மாப்ள. ஒடம்பு தேறின பெறகும் குளுக்கோஸ் ஊசியக் கையில குத்திக்கிட்டே திரிவாகளா?"

வேனில் வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை, வேனை நோக்கி நடந்தார். எனக்குக் கண்முன்னே விமானமும், அம்மாவின் பின்னால் ஒளியும் என் மகளும்தான் தெரிந்தார்கள். அப்போது, வழியெல்லாம் வாயே திறக்காமல் வந்த ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர் குழாய்ச் சுருளை இறக்கித் தோளில் போட்டுப் பார்த்தார். மாமனாரிடம், "தண்ணி இல்லாதப்ப இதுதான் காப்பாத்துச்சா?" என்று கேட்டார். "வேற என்னத்த? சத்தியமா இதுதான்யா" என்றார் மாமனார். வந்தவர் மேனேஜரைக் கூப்பிட்டார்:

"சார், நில்லுங்க. எங்க ஊருக்கு ஆறும் வராது, வாய்க்காலும் வராது. எங்களுக்கு ஒடம்பு தேறுறதே இல்ல. என் எலுமிச்சங்கன்னுக்கு இந்தக் குளுக்கோஸக் குடுங்க."

அவர் தோட்டத்துக்குப் போட்டோம், பிறகு அவர் மச்சான் தோட்டத்துக்கு, அப்புறம் அந்தப் பக்கத்து ஊர்களுக்கு. கார்த்திகையில் ஒருநாள் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, மகள் ஒளியாமல் வந்து, "அப்பா, பையக் குடு" என்று கையை நீட்டினாள்.

கடல் தாண்டிப் போய்ப் பாலைவனத்தைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு, தேனியிலிருந்து டவுன் பஸ் போகிற தூரத்தில் இருந்த பாலைவனம் கண்ணில் படவில்லை என்பதுதான் என் தொழில் ஞானத்தின் லட்சணம்.