ஆணி அடித்த உயரம்

கண்ணாடி மாட்ட வந்தவர் அதைச் சுவரில் தூக்கிப் பிடித்து, "சார், இந்த உயரம் போதுங்களா?" என்று கேட்டார். என் முகம் முழுதாகத் தெரிந்தது. போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் பொட்டு நினைவுக்கு வந்துவிட்டது.

ஐம்பதுகளில் நாங்கள் மத்திகிரியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தார், ஆறடி மனிதர். வீட்டின் ஒரே கண்ணாடியை, தாம் சவரம் செய்ய வாகாகத் தம் உயரத்துக்கே ஆணி அடித்து மாட்டியிருந்தார். அம்மா எக்கி நின்றாலும் அதில் வகிடு மட்டும்தான் தெரியும். நெற்றியைத் தடவிப் பார்த்துத்தான் பொட்டு வைப்பாள். அது எப்போதும் இடது புருவத்துக்கு மேலே ஒதுங்கியிருக்கும். அம்மாவுக்குப் பொட்டு அங்கேதான் இருக்கவேண்டும்போல என்று நான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் காலை பக்கத்து வீட்டு ராமக்கா வாசலில் நின்று சிரித்தாள். "இன்னாடி, வந்த நாளா உன் பொட்டு கோணலாவே இருக்குது?"

"கண்ணாடியில என் நெத்தி தெரியாதுக்கா" என்றாள் அம்மா. யாரையும் குறை சொல்கிற குரல் இல்லை அது.

உள்ளே சவரம் செய்துகொண்டிருந்த அப்பா, பாதி முகத்தில் நுரையோடு ஆணியைப் பிடுங்கி ஒரு முழம் கீழே அடித்தார். அந்த வீட்டில் இருந்தவரை முட்டியை மடக்கி நின்றுதான் சவரம் செய்தார்.

"கொஞ்சம் இருங்க" என்று மாட்ட வந்தவரிடம் சொல்லிவிட்டு, மனைவியைக் கூப்பிட்டுக் கண்ணாடி முன்னால் நிற்கச் சொன்னேன். அவள் முகம் முழுதாகத் தெரியும்வரை அவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"இவ்வளவு கீழ மாட்டினா உங்களுக்குத் தெரியாதே?" என்றாள்.

"எனக்கு முட்டி எதுக்கு இருக்குது?" என்றேன்.