கோரைப்பாய் கட்டிய கார்

எனக்குப் பேய் பயம் கிடையாது, பாம்பு பயமும் கிடையாது. இருபத்துமூன்று வயதில் நான் நடுங்கியதெல்லாம் ஒரு கறுப்புக் காரின் பெயிண்டை நினைத்துத்தான். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு நெல் மண்டிக்காரரிடம் டிரைவராக இருந்தேன். கார் புதுசு. அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். தினமும் சாயங்காலம் முதலாளி செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைச் சுற்றி வருவார். குனிந்து, வெயில் சாய்வாக விழும் பக்கமாக நின்று பார்ப்பார். எனக்கு முன்னால் இருந்த டிரைவர் வேலியில் உரசி நக நீளத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டான். அன்றைக்கே அவனைக் குடும்பத்தோடு வெளியே அனுப்பிவிட்டார். மண்டிக்குப் பின்னால் அவன் இருந்த அறைக்குத்தான் நானும் என் மனைவியும் குடிவந்தோம். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். அவன் குழந்தையின் கிலுகிலுப்பை ஒன்று மூலையில் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வெளியே போய்க் காரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வருவேன்.

ஒருநாள் முதலாளி லாரியில் அச்சரப்பாக்கம் போயிருந்தார், நெல் பிடிக்க. காலை பத்து மணி இருக்கும். முதலாளியம்மாவின் தம்பி மூச்சிரைக்க வந்து நின்றார். அவர்கள் பிறந்த வீடு கடலோரத்தில், மாமல்லபுரத்துக்கும் திருவிடந்தைக்கும் நடுவில். தாயார் ரெண்டு நாளாகக் கண் திறக்காமல் கிடந்தவர், அன்று விடியலில் மகளைக் கூப்பிட்டாராம்.

"அக்கா, உன்னியே கேட்டுகினு கீது. இப்பவே கெளம்பு."

அம்மா புர்காவை மாட்டிக்கொண்டு பின் சீட்டில் ஏறினார். அங்கே ஜன்னல்களுக்கு எப்போதும் திரை போட்டிருக்கும். "தம்பி, மூச்சு இருக்கச்சேயே நான் போய்ச் சேரணும்பா" என்றார் என்னிடம். தம்பிக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மாமல்லபுரம் வரை பறந்தேன். அதற்கு வடக்கே அந்த நாளில் ரோடு ஏது? மணலில் ஒரு வண்டித்தடம். ரெண்டு பக்கமும் முள், அது விட்டால் தாழை. தாழை மடலின் ஓரம் ரம்பம். அதைப் பார்த்ததும் கிலுகிலுப்பைதான் கண்ணுக்குள் வந்தது. வண்டியைத் திருப்பிக் கடைத்தெருவுக்கு விட்டேன்.

கண்ணாடி பீரோவை மாட்டு வண்டியில் ஏற்றுகிறவர்கள் பாய் சுற்றித்தானே ஏற்றுவார்கள்? நானும் நாலு கோரைப்பாயும் தேங்காய்க் கயிறும் வாங்கினேன். காரின் மேலும் அடியிலுமாகக் கயிற்றைக் கொடுத்து இறுக்கினேன். பின் கதவுகள் ரெண்டும், தம்பிக்காரர் பக்கத்துக் கதவும் கட்டுக்குள் போய்விட்டன. என் கதவு மட்டும் திறக்கும். நல்ல மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"இன்னா அண்ணாத்த இது? அங்க உசுரு ஊசலாடிகினு கீது, நீ காருக்குச் சட்ட மாட்டிகினு கீறே!" என்று தம்பிக்காரர் கத்தினார்.

"ஒரு கோடு வுழுந்தா என் வேல போய்டும்ங்க" என்றேன். கட்டி முடிக்க அரை மணிக்கு மேல் ஆயிற்று.

தடத்தில் இறங்கியதும் முள் பாயில் கரகரவென்று இழுபட்டது. ஒவ்வொரு இழுப்பும் என் முதுகில் விழுந்த மாதிரி இருந்தது. நிறுத்துவேன். இறங்கிப் பாயைத் தடவிப் பார்ப்பேன், நழுவிய கயிற்றை இறுக்குவேன், கிளையை ஒடித்துப் போடுவேன். மறுபடி நூறு கஜம். கடல் காற்று மணலை வாரி வாரி அடித்தது. ஒவ்வொரு முறை நின்றபோதும் திரைக்குள்ளிருந்து அதே கேள்வி வந்தது.

"வந்துட்டமா தம்பி?"

வெளியே பார்க்க முடியாதவருக்கு வண்டி நின்றால் வீடு வந்துவிட்டது என்றுதானே தோன்றும். "இல்லம்மா, ஒரு முள்ளு" என்பேன். எத்தனை முறை சொன்னேனோ, அந்த நேரத்தில் எண்ணத் தோன்றவில்லை.

வீட்டு முன்னால் என்ஜினை நிறுத்தியதும் உள்ளே பெண்கள் அழுவது கேட்டது. தம்பிக்காரர் என் மேல் ஏறாத குறையாக என் கதவு வழியே குதித்து ஓடினார். அம்மா தன் கதவைத் தள்ளினார். அது ஒரு விரல்கடை நகர்ந்து நின்றுவிட்டது. புர்காவோடு முன் சீட்டைத் தாண்டி வரவும் அவரால் முடியாது.

"கதவத் தொறப்பா."

கடல் ஈரம் ஏறிய கயிற்று முடிச்சு கல்லாகியிருந்தது. நகத்தால் நோண்டினேன், பல்லால் கடித்தேன். உதடு கிழிந்ததுதான் மிச்சம். ஸ்பானர் பை டிக்கியில், டிக்கியும் கட்டுக்குள். உள்ளே அவர் கதவை அடித்துக்கொண்டே "தொறப்பா, தொறப்பா" என்றார். அழுகை கேட்கும் தூரத்தில் அவரை நான் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தேன். யாரோ மீன் வெட்டும் கத்தியோடு ஓடிவந்து கயிற்றை அறுத்தார்கள்.

வாசலில் நின்ற கிழவி, இறங்கி ஓடிய அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பத்தாம்மா. தூரத்துல கார் சத்தம் கேட்டுச்சே, அப்பத்தான் போச்சு."

அறுபட்ட பாய்கள் சரிந்தன. பாய் மூடியிருந்த இடமெல்லாம் ஈரத் துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி வெளுத்துக் கிடந்தது. மணல் பாய்க்குள் புகுந்து, வழி முழுக்க என் பாயே பெயிண்டைத் தேய்த்துத் தின்றிருந்தது. மூடாமல் விட்ட பானெட்டில் ரெண்டே ரெண்டு கோடு. உள்ளே ஒரு சாவு நடந்திருக்கிறது, நான் கார்க் கதவைத் தடவிக்கொண்டு நிற்கிறேன். என் மனைவியை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்பதுதான் மனசில் ஓடியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

சேதி கேட்டு முதலாளி மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்தார். அடக்கம் முடிந்து திரும்பியவர், பழக்க தோஷம், காரைச் சுற்றி வந்தார். வெயில் சாய்வாகத்தான் இருந்தது. கதவில் விரலை வைத்து இழுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வாசல் கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அழுது அழுது கம்மியிருந்தது.

"அவன ஒண்ணும் சொல்லாதீங்க. நாந்தான் வேகமா ஓட்டு, வேகமா ஓட்டுன்னு வெரட்டிகினே வந்தேன். முள்ளு கிள்ளு ஒண்ணும் பாக்காம ஓட்டினான் பாவம்."

வெளுத்த பெயிண்டுக்கும் முள்ளுக்கும் சம்பந்தமில்லை என்று முதலாளிக்குத் தெரியாதா? மணலில் கிடந்த பாய்களைப் பார்த்தார். "சரி" என்று உள்ளே போய்விட்டார்.

என் வேலை போகவில்லை. மகன் அந்த அறையில்தான் பிறந்தான். கிலுகிலுப்பையைக் கழுவி என் மனைவி அவன் கையில் கொடுத்தாள். எட்டு வருஷம் அம்மாவுக்குக் கார் ஓட்டினேன். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று முதலாளியிடம் அவர் சொன்ன மாதிரியே நான் ஓட்டியிருந்தால் தாயாரை உயிரோடு பார்த்திருப்பார்.