அக்காவின் ஃபைல் ஆபீஸ் போன கதை

என் அக்காவைப் போல ஒரு பொறுமைசாலியை நான் பார்த்ததில்லை. அந்தப் பொறுமையைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தக் கம்ப்யூட்டரை என்றைக்கோ மாடியிலிருந்து தூக்கிப் போட்டிருப்பேன்.

அக்கா ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் போடுகிறாள். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட பிறகு, மேனேஜரிடம் நடையாய் நடந்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினாள். அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். நான் மருந்துக்கடையில் பகல் முழுக்க நிற்கிறவள். வீட்டில் வேறு ஆள் கிடையாது. அந்த அனுமதியை நம்பித்தான் எங்கள் பிழைப்பு ஓடியது.

ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆபீஸில்தான் இருக்கும். வீட்டிலிருந்து இணைப்புப் போட்டால் அதன் திரை இங்கே விரியும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மவுஸை நகர்த்திவிட்டு ஒரு கொட்டாவி விட்டு முடித்தால்தான் அங்கே கோடு நகரும். அதனால் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வரைந்து, முடித்ததும் ஃபைலை அங்கே அனுப்புவாள். வில்லங்கமே அந்த அனுப்புவதில்தான்.

அன்று எனக்கு விடுமுறை. ஒரு பள்ளிக்கூடத்தின் வரைபடம் நாலு மணிக்குள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போயாக வேண்டும். “இன்னைக்கும் லேட்டாச்சுன்னா, வீட்டுல இருந்து வேலை பாக்குறது இன்னையோட சரி” என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

இங்கே காப்பி செய்து அங்கே பேஸ்ட் செய்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மெயிலில் அனுப்பினாள். ஃபைல் பெரியது என்று திரும்பி வந்தது. கடைசியில் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் போன் போட்டாள். எதற்கெடுத்தாலும் பாஸ்வேர்டை மாற்றச் சொல்வதால் அவருக்கு வீட்டில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் பாஸ்வேர்டு.

“காப்பி பேஸ்ட்டைப் பாதுகாப்புக்காக நிறுத்தி வச்சிருக்கோம் மேடம். கனெக்ட் பண்றப்ப உங்க வீட்டுக் கம்ப்யூட்டர் டிரைவையும் சேத்துக்கச் சொல்லி ஒரு டிக் இருக்கும். அதைப் போடுங்க, எல்லாம் போகும்” என்றார்.

முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைக்கிற பாதுகாப்பு! அக்கா டிக் போட்டாள். ஃபைலை இழுத்து விட்டாள். “போயிடுச்சுடி!” என்று சிரித்தபடி அம்மாவைப் பார்க்க எழுந்து போனாள்.

நான் திரையை எட்டிப் பார்த்தேன். ஃபைல் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சுகமாக உட்கார்ந்திருந்தது. வீட்டில் இருந்தாலும் ஆபீஸில் இருக்கிற நினைப்பு வர வேண்டும் என்று, ஆபீஸ் திரையில் இருக்கும் அதே நீலக் கட்டடப் படத்தை அக்கா இந்தத் திரையிலும் வைத்திருந்தாள். எது இங்கே, எது அங்கே என்று தெரியாமல், இங்கிருந்து எடுத்து இங்கேயே போட்டிருக்கிறாள்.

நான் சொன்னதும் அக்கா வந்து மறுபடி அனுப்பினாள். பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து முடியப் போகிற நேரத்தில் இணைப்பு அறுந்தது. திரும்பவும் முதலிலிருந்து. திரும்பவும் அறுந்தது. நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

“யாரைடி திட்டுற?” என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

“கம்ப்யூட்டரை!”

“பாவம், அது என்ன பண்ணும்?”

மூன்றரை ஆனது. அக்கா மறுபடி போன் போட்டாள். பாஸ்வேர்டு நிதானமாகச் சொன்னார்: “பேசாம பென் டிரைவ்ல போட்டு எடுத்துட்டு வந்துருங்க மேடம். பக்கந்தானே?”

பக்கந்தான். இரண்டு தெரு தள்ளி. காலையிலிருந்து நாங்கள் பட்ட பாட்டுக்கு அந்த ஃபைலைத் தலையில் சுமந்துகொண்டே போய்ச் சேர்ந்திருக்கலாம். அக்கா தலையைக்கூட வாராமல் ஓடினாள்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தாள். முகம் சரியில்லை.

“நேரத்துக்குக் குடுத்தியா இல்லையா?”

“குடுத்துட்டேன். மேனேஜருக்கு ரொம்ப சந்தோஷம். வீடு இவ்வளவு பக்கமான்னு கேட்டார்.” செருப்பைக் கழற்றினாள். “அப்ப நாளையிலேருந்து இங்கேயே வந்துடுங்க, எதுக்கு இந்த ஃபைல் அனுப்புற தொல்லைன்னுட்டார்.”

“அம்மாவைப் பத்திச் சொன்னியா?”

“சொன்னேன். சாப்பாட்டு நேரத்துல போய்ப் பாத்துக்குங்கன்னார்.”

அக்கா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணையை அணைத்து வைத்தாள்.

“இப்படியே ஒரே பக்கமா மத்தியானம் வரைக்கும் படுத்திருந்தா தாங்குமாம்மா?” என்று கேட்டாள்.

“நான் எதுக்கு அப்படிப் படுத்திருக்கணும்?” என்றாள் அம்மா. “அதான் நீ வீட்டுலயே இருக்கியே.”