தம்பியின் காதும் இரண்டாவது திரையும்

என் தம்பிக்குக் காதுதான் பிழைப்பு. ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்து முடித்ததும் டாக்டர்கள் ஒரு சின்ன ரெக்கார்டரில் மடமடவென்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள். என்ன வலி, எத்தனை நாளாக, எந்த மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பேச்சு ஒரு கம்பெனி வழியாக எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து சேரும். தம்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலடியில் உள்ள பெடலை மிதித்துப் பேச்சை ஓட்டியும் நிறுத்தியும் டைப் அடிப்பான். பதினாறு வருஷமாக இதே வேலை.

டாக்டர்கள் தெளிவாகப் பேசுவார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒருவர் வாயில் எதையாவது மென்றுகொண்டே பேசுவார். ஒரு டாக்டரம்மா படி இறங்கிக்கொண்டே பேசுவார்; கடைசிப் படி வரும்போது மருந்துப் பெயரும் மூச்சும் ஒன்றாக வரும். இன்னொருவருக்குப் பின்னால் எப்போதும் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். அதை யாராவது சரிசெய்ய மாட்டார்களா என்று தம்பி மூன்று வருஷம் கவலைப்பட்டான். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்ததும், "குழாயை மாத்திட்டாங்கக்கா" என்றான், நம் வீட்டுக் குழாய் போல.

ஒரு வார்த்தை சரியாகக் கேட்கவில்லை என்றால் அந்த இடத்தில் கோடு போட்டு விட்டுவிடுவான். ஊகித்து எழுத மாட்டான். மாத்திரை அளவு என்ன கதையா, நாமே முடித்து வைக்க என்பான். அப்படி அவன் விடும் கோடுகள் மாதத்துக்கு இரண்டோ மூன்றோ இருக்கும். கம்பெனியில் அவனைவிடக் குறைவாகக் கோடு விடுபவர் யாரும் இல்லை என்று அங்கே சரிபார்க்கும் மேடமே ஒருமுறை போனில் என்னிடம் சொன்னார். அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

நான் எட்டாவதோடு நின்றவள். ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனியில் தையல் மெஷின்களைப் பழுது பார்க்கிறேன். இருபது வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் ஒரு மெஷின் என்னைப் பாடாய்ப் படுத்தியது. எதைக் கழற்றி மாட்டினாலும் ஒரு கரகரப்பு. தம்பிக்குப் போன் போட்டு, போனை மெஷின் பக்கத்தில் பிடித்தேன். "இடது பக்கம், கீழ ஏதோ ஒண்ணு ஆடுதுக்கா" என்றான். தையல் மெஷினைத் தொட்டே பார்த்திராதவன். திறந்து பார்த்தால் அடியில் இடது பக்கத் திருகாணி ஒன்று லூசாக இருந்தது. அப்படிப்பட்ட காது.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு மெஷினிலும் ஓர் அட்டை தொங்கும். எந்தத் தேதியில் என்ன குறை, எதை மாற்றினோம் என்று அதில் எழுத வேண்டும். மெஷின் மறுபடி மக்கர் பண்ணினால் முதலில் அட்டையைத்தான் பார்ப்போம். கடைசியாகத் தொட்டது எதுவோ அதைத்தான் முதலில் கழற்றுவோம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஃப்ரிட்ஜுக்கு ஓர் அட்டை, துணி துவைக்கும் மெஷினுக்கு ஒன்று, ஒவ்வொரு மின்விசிறிக்கும் ஒன்று, தம்பியின் கம்ப்யூட்டருக்கும் ஒன்று. அவன் மனைவி கல்யாணமாகி வந்த புதிதில், "எனக்கும் ஒண்ணு மாட்டிடுவீங்களா அண்ணி?" என்று கேட்டாள். கொஞ்சம் பயத்தோடுதான் கேட்டிருக்கிறாள் என்பது பிறகு தெரிந்தது.

அப்பா தகடு அடிக்கும் பட்டறையில் இருந்தவர். நாற்பது வயதிலேயே காது போகத் தொடங்கியது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இடது காதை முன்னால் நீட்டி, வாயைப் பார்த்து ஒப்பேற்றுவார். கேட்டால், "எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்பார். ஒரு நாள் பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தும் அவர் நகரவில்லை. பக்கத்தில் நின்றவர் பிடித்து இழுத்ததால் அப்பா தப்பினார், அவருடைய சைக்கிள் தப்பவில்லை. காது கேட்காத விஷயம் பட்டறைக்குத் தெரிந்து, அதோடு வேலை போனது. இப்போது காதில் மெஷின் வைத்திருக்கிறார். பாதி நேரம் அது சட்டைப் பையில் இருக்கும்.

போன வருஷம் தம்பி பிறந்தநாளுக்கு நான் இன்னொரு கம்ப்யூட்டர் திரை வாங்கிக் கொடுத்தேன். ஒரே திரையில் மருந்துப் பட்டியலையும் ரிப்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து அவனுக்குக் கழுத்து வலி. பழைய கம்ப்யூட்டரில் இரண்டு திரை மாட்ட வழியில்லை என்று, கடைக்காரர் உள்ளே ஒரு கிராபிக்ஸ் கார்டு செருகினார். எப்போதும் உதட்டில் ஒரு திருகாணியைக் கவ்விக்கொண்டே வேலை செய்வதால் அவருக்கு ஸ்க்ரூ என்றே பெயர். நானும் தேதி போட்டு அட்டையில் எழுதினேன்: கார்டு ஒன்று, திரை ஒன்று, புதிது. தம்பி வாய் ஓயாமல் புகழ்ந்தான்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் அவன் மனைவி ஏதோ கேட்டாள். தம்பி தலையைத் திருப்பி இடது காதை முன்னால் நீட்டினான்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"டேய், காது சரியா கேக்குதா?"

"எனக்கு நல்லாத்தான் கேக்குதுக்கா."

அப்பாவின் அதே வாக்கியம், அதே இழுவை. யோசித்துப் பார்த்தேன். சாயங்காலம் அப்பாவோடு உட்கார்ந்து ஊர்க்கதை கத்திக்கொண்டிருப்பான். சில வாரங்களாக அதை விட்டிருந்தான். அப்பா கூடத்துக்கு வந்தால் இவன் எழுந்து முன்னறைக்குப் போய்விடுவான். அவரைப் பார்க்கவே பயந்திருக்கிறான்.

மறுநாள் சமையலறையில் அவன் மனைவியைப் பிடித்துக் கேட்டேன். அதற்காகவே காத்திருந்தவள் போலக் கொட்டிவிட்டாள். மாதத்துக்கு இரண்டு மூன்று கோடு விட்டவன் இப்போது ஒரு நாளைக்கே பத்துப் பன்னிரண்டு விடுகிறான். மேடம் இரண்டு முறை கேட்டுவிட்டு மூன்றாம் முறை கடிதம் அனுப்பிவிட்டார்: இந்த மாதக் கடைசிக்குள் கோடு குறையாவிட்டால் டாக்டர் பேச்சு அவனுக்கு வராது. காது டாக்டரிடம் போகலாம் என்றால் எரிந்து விழுகிறான். சோதித்து, ஆமாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்கிறான்.

"திருப்பி ஓட்டிக் கேட்டா வார்த்தை இருக்காம் அண்ணி" என்றாள். "அப்போ பேச்சுல குறை இல்ல, காதுலதான்னு அவரே முடிவு பண்ணிட்டாரு. ரெண்டாவது தடவை காதுல விழுந்ததையும் நம்ப மாட்டேங்கிறாரு. கோடு போட்டுடறாரு."

சனிக்கிழமை எனக்கு அரை நாள். மத்தியானம் வந்ததும் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் போடு என்றேன். மாட்டேன் என்றான். நானே பிடுங்கினேன்.

படி இறங்கும் டாக்டரம்மா பேசினார். கேட்டுக்கொண்டே இருந்தேன். நடுவில் சின்னதாக ஒரு கரகரப்பு, ஒரு வார்த்தையின் பாதியைக் காணோம். ஓடுகிற தையலில் இரண்டு தையல் விட்டுப்போகுமே, அப்படி.

"இப்போ ஒரு வார்த்தை போச்சு" என்றேன்.

அவன் முகம் தெளியும் என்று பார்த்தால் இன்னும் இருண்டது.

"உனக்கும் போச்சா? நீயும் இருபது வருஷமா மெஷின் சத்தத்துல இருக்க. நாம ரெண்டு பேரும் அப்பா பிள்ளைங்கதானேக்கா."

மேஜையில் என் செல்போன் கிடந்தது. தையல் மெஷின் சத்தத்தை அவனுக்குக் கேட்கக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. போனை ஸ்பீக்கர் முன்னால் வைத்து ரெக்கார்டிங்கைப் போட்டேன். அதே பேச்சை முதலிலிருந்து ஓட்டச் சொன்னேன். இரண்டு நிமிஷம் ஓடியது. அதில் நான்கு இடத்தில் விட்டுப்போனது போல எனக்குத் தோன்றியது.

பிறகு கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுப் போனில் பதிந்ததைக் கேட்டோம். நான்கு இடத்திலும் ஓட்டை இருந்தது. மறுபடி கேட்டோம். அதே நான்கு இடம், அதே ஓட்டை.

"இந்தப் போன் எந்தப் பட்டறையில வேலை பார்த்துச்சு?" என்று கேட்டேன்.

தம்பி போனை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனான். வலது காதில் வைத்துக் கேட்டான், இடது காதில் வைத்துக் கேட்டான். திரும்பி வந்து உட்கார்ந்தான். அவன் மனைவி கதவருகில் வந்து நின்றாள்.

"அக்கா, இது என் காது இல்லக்கா" என்றான். அவன் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள். தண்ணீர் கொண்டுவரத்தான் போனேன் என்று பிறகு சொன்னாள். தண்ணீர் வரவில்லை.

இனி மிச்சம் இருந்தது மெஷின்தான். எந்த மெஷினையும் கண்டு நான் பயந்ததில்லை. கம்ப்யூட்டரின் பின்னால் தொங்கிய அட்டையைத் திருப்பினேன். கடைசி வரி என் கையெழுத்தில் இருந்தது: கார்டு ஒன்று, திரை ஒன்று, புதிது. கோடு எப்போது கூடத் தொடங்கியது என்று தம்பி தன் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடிப் பார்த்தான். அந்தத் தேதிக்கு அடுத்த வாரம். ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்தவள் நான். எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

படம் காட்டும் கார்டுக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தம்பி எனக்காக வாதாடினான். நான் ஒரு தாளை எடுத்துக்கொண்டேன். இரண்டு திரையும் எரிய, மருந்துப் பட்டியலை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே பத்து நிமிஷம் பேச்சை ஓட்டச் சொன்னேன். விட்டுப்போகும் ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு கோடு. முப்பத்தொன்று. இரண்டாவது திரையை அணைத்துவிட்டு இன்னொரு பத்து நிமிஷம். ஆறு.

ஸ்க்ரூ வந்தார். வந்ததும், சத்தம் வேறு இலாகா, படம் வேறு இலாகா என்று சொல்லி ஹெட்போனை மாற்றினார். குறை அப்படியே இருந்தது. தாளைக் காட்டினேன். உதட்டிலிருந்த திருகாணியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

கம்ப்யூட்டருக்குள் எந்த வேலை எவ்வளவு நேரம் வழியை மறிக்கிறது என்று அளக்கும் ஒரு புரோகிராமை ஓட்டினார். பச்சைக் கோடுகளாக வர வேண்டியது, அங்கங்கே சிவப்பாக எகிறியது. பட்டியலின் தலையில் நின்றது கிராபிக்ஸ் கார்டின் டிரைவர். அந்தக் கார்டை எப்படி நடத்த வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சின்னப் புரோகிராமுக்கு அப்படிப் பெயராம்.

"பேச்சு நமக்கு ஒரே ஓட்டமா கேக்குது. உள்ள அது பொட்டலம் பொட்டலமாத்தான் வருது" என்றார் ஸ்க்ரூ. "ஒரு பொட்டலம் தீர்றதுக்குள்ள அடுத்தது வந்துடணும். இந்த டிரைவர் சரியில்ல. கவுன்டர்ல முன்னாடி நிக்கிறவரு நகர மாட்டேங்கிறாரு, பின்னால நிக்கிற சத்தம் பட்டினி கிடக்குது. அதான் ஓட்டை."

அதனால்தான் ஓட்டை ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுந்திருக்கிறது. திருப்பிக் கேட்டால் வார்த்தை திரும்பி வந்ததும் அதனால்தான். பேச்சில் குறை இல்லை என்று தம்பி நினைத்தது சரி. காதில் என்று நினைத்ததுதான் தப்பு.

புதிதாக வந்த டிரைவரை ஏற்றினார். சிவப்பு இன்னும் கூடியது. ஸ்க்ரூவின் காது மடலும் சிவந்தது. பிறகு எல்லாவற்றையும் சுத்தமாக வழித்து எடுத்துவிட்டு, ஒரு வருஷத்துக்கு முந்தைய டிரைவரைத் தேடிப் பிடித்து ஏற்றினார். கோடுகள் பச்சையாகப் படுத்துக்கொண்டன. இரண்டு திரையும் எரியப் பேச்சை ஓட்டினோம். பத்து நிமிஷம். என் தாளில் ஒரு கோடுகூட விழவில்லை.

"போதும்க்கா" என்றார் ஸ்க்ரூ.

"இன்னும் பத்து நிமிஷம்."

அந்தப் பத்து நிமிஷத்திலும் விழவில்லை. படி இறங்கும் டாக்டரம்மாவின் மூச்சு, அதன் நடுவே மருந்துப் பெயர், எல்லாம் முழுசாக வந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். டிரைவரின் எண்ணை அட்டையில் எழுதி, அதற்கு மேல் ஏற்றக் கூடாது என்று இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

"என்னாலதான்டா இவ்வளவும்" என்றேன். "திரையை எடுத்துடலாமா?"

"கையை வை, பார்க்கலாம்" என்றான் தம்பி. "அது இல்லாம இனிமே எனக்கு முடியாது."

போனில் பதிந்ததை மேடத்துக்கு அனுப்பி நடந்ததை எழுதினான். ஒரு வாரம் பார்க்கிறேன் என்றார். அந்த வாரம் அவன் விட்டது ஒரே ஒரு கோடு. மென்றுகொண்டே பேசுகிறவர் அன்று எதையோ வாய் நிறைய வைத்திருந்தார். கடிதத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். தம்பி அதற்குப் பிறகுதான், யாரும் சொல்லாமலே, காது டாக்டரிடம் போய்ச் சோதித்துக்கொண்டு வந்தான். ஒரு குறையும் இல்லை. என்னையும் போகச் சொல்கிறான். இந்த மாதம் போகிறேன்.

வேலை முடித்து நான் வீடு திரும்பிய ஒரு சாயங்காலம், தெருமுனையிலேயே தம்பியின் சத்தம் கேட்டது. உள்ளே போனால் கூடத்தில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காத காதில் கார்டு கதையைக் கத்திக்கொண்டிருந்தான். காது மெஷின் வழக்கம்போல அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது.

"ஏன்டா இப்படிக் கத்துற?" என்றார் அப்பா. "எனக்கு நல்லாத்தான் கேக்குது."

சிரிக்க ஆரம்பித்த தம்பி நிறுத்த ரொம்ப நேரமானது. அப்பா இடது காதை முன்னால் நீட்டி, மேலே சொல் என்று கையாட்டினார். அவன் கதையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.