சீறிய பந்துப் பேணி

கொழும்பில் நடந்த சர்வதேச இளையோர் டென்னிஸ் போட்டிக்கு, போர்க்காலத்தில் ஒருமுறை, மகள் வாசுகியுடன் திருகோணமலையிலிருந்து பஸ்ஸில் போனேன். பயிற்சிக்கு வாங்கிய, டென்னிஸ் பந்துகளைக் காற்றோடு அடைத்து மூடிய புதிய தகரப் பேணி நசுங்கக்கூடாதென்று, துணி சுற்றிப் பையின் அடியில் வைத்திருந்தேன்.

சோதனைச் சாவடியில் சிப்பாய் அதை எடுத்து, "என்ன இது?" என்றார்.

"பந்து, ஐயா. திறந்து காட்டுறன்," என்று வாங்கி மூடியை இழுத்தேன். அடைத்திருந்த காற்று 'உஸ்' என்று சீறியது. அவர் பின்னால் பாய்ந்து துவக்கை என் நெஞ்சுக்கு நேரே நீட்டினார்.

"அம்மா, பேணியைக் கீழ போடுங்கோ," என்றாள் வாசுகி. போட்டேன். மஞ்சள் பந்துகள் அவருடைய சப்பாத்துக் காலருகே உருண்டன. ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்த பிறகே துவக்கைத் தாழ்த்தினார்.

அதற்குப் பிறகு பேணியை வீட்டிலேயே திறந்து, பந்துகளை வலைப்பையில் கொண்டுபோனேன். முன்கூட்டியே திறந்தால் பந்தின் துள்ளல் கொஞ்சம் குறையுமாம். பரவாயில்லை என்றாள் வாசுகி.