மூலைமட்டம் வைத்துச் செய்த பல்சக்கரம்

இது நடந்தது தேயிலை வருமுன், மலையெல்லாம் கோப்பியாக இருந்த காலத்தில். மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் தச்சன். கோப்பிப் பழம் எடுப்பு மும்முரமாக இருந்தபோது, தோல் உரிக்கும் இயந்திரத்தின் பல்சக்கரம் விரிசல் விட்டது. கட்டுப்போட்டு ஓட்டினால் நான்கு நாள் தாங்கும் என்றார்கள். அதற்குள் புதுச் சக்கரம் வராவிட்டால், பறித்த பழமெல்லாம் குவியலிலேயே சூடேறிப் புளித்துவிடும். என் மனைவியும் மற்றப் பெண்களும் மழையில் நனைந்து பறித்த பழம்.

தோட்டத்துத் துரை சொன்னபடி அன்றைக்கே சக்கரத்துக்கு மர அச்சு செய்தேன். ஒவ்வொரு பல்லுக்கும் மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். துளி சாய்வு கிடையாது. பெருமையோடு கண்டிக்கு வண்டி ஏறினேன்.

அங்கே வார்ப்புப் பட்டறையில் அச்சு பதிப்பவர் திகனப் பக்கத்து முஸ்லிம் மனிதர்; அண்ணன் என்பதற்கு அவர்கள் வழக்கப்படி எல்லோரும் 'நானா' என்றே அவரைக் கூப்பிட்டார்கள். அச்சை ஈர மணலில் புதைத்து, இறுக்கி, மெதுவாகத் தூக்கினார். பற்களோடு மணலும் பிய்ந்து வந்தது. அச்சைத் தூக்கியபின் மணலில் நிற்கும் பள்ளத்தில்தான் இரும்பை உருக்கி ஊற்ற வேண்டும். மறுபடி பதித்தார். மறுபடி பிய்ந்தது.

"நானா, ஒங்க மண்ணு சரியில்ல" என்றேன்.

"மண்ணுல குத்தமில்ல. ஒங்கட பல்லு அளவுக்கு மிச்சமா நேரா நிக்கிது. கொஞ்சம் சாய்ச்சுச் சீவித் தாங்க."

நேராகச் செய்ததைக் குற்றம் சொல்லும் மனிதனை அன்றுதான் பார்த்தேன். சாய்வாகச் சீவுவது கற்றுக்குட்டி வேலை, முடியாது என்றுவிட்டேன். மறுநாளும் அதே கூத்து. மணலைச் சலிக்கச் சொன்னேன், கூட நனைக்கச் சொன்னேன், மணலை இறுக்குகிற ஆளையே மாற்றச் சொன்னேன். மனிதர் முகம் சுளிக்காமல் எல்லாம் செய்தார். அதுவே எனக்கு இன்னும் எரிச்சல்.

மூன்றாம் நாள் ஒரு தேங்காய்ச் சிரட்டையை என் கையில் வைத்தார். "சின்னப் புள்ளைங்க இதால மண்சோறு ஆக்குறத நீங்க கண்டதில்லையா? வாய் அகலம், அடி ஒடுக்கம். அதனாலதான் மண்ணு ஒட்டாம வருது."

என் மகள் தினமும் வாசலில் செய்கிற வேலை. உளியை எடுத்து, மணலுக்குள் போகும் பக்கம் மயிரிழை ஒடுங்கும்படி ஒவ்வொரு பல்லையும் சீவினேன். அச்சு வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. ஒரு மணல்கூட உதிரவில்லை.

வார்த்து ஆறிய சக்கரத்தோடு நான் திரும்பியது ஆறாம் நாள். பழையது சொன்ன நாளிலேயே உடைந்திருந்தது. புளித்த பழத்தைப் பெண்கள் கூடை கூடையாகக் குழியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி கூடையை இறக்காமலே என்னைப் பார்த்தாள்.

"நீங்க செஞ்சது நேராத்தான் இருந்திருக்கும். பழந்தான் காத்திருக்கல."

சொல்லிவிட்டுக் கூடையைக் குழியில் கவிழ்த்தாள். இப்போதும் மூலைமட்டத்தை எடுத்தால் அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறுகிறது. மணல் முதல் தடவையே சொன்னதை இரண்டு நாள் காதில் வாங்காமல் நின்றவன் நான்.