முப்பத்தொன்பது புள்ளி நான்கு

சூட்டோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. கேளம்பாக்கத்தில் ஐ.டி. கம்பெனிகள் இருக்கிற ஒரு கட்டடத்தில் ஏ.சி. பிளாண்ட் பார்க்கிறேன். அங்கே பேனலில் எல்லாமே செல்சியஸ்தான்: அறைக்கு இருபத்துநாலு, குளிர்ந்த தண்ணீருக்கு ஏழு. ஃபாரன்ஹீட்டை டிப்ளமா பரீட்சையோடு தலைமுழுகிவிட்டதாக நினைத்திருந்தேன். ஆனால் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் நூறு, நூற்றிரண்டு என்றுதான் பேசுவேன், ஊரில் எல்லோரையும் போல. ஒரே சூட்டுக்கு இரண்டு கணக்கு என்பது தெரியாமல் இல்லை. இரண்டையும் சேர்த்து யோசிக்க அவசியம் வந்ததில்லை, அவ்வளவுதான்.

போன மே மாதம் அந்த அவசியம் வந்தது. வீடு பூஞ்சேரியில். மகளுக்கு இரண்டு வயது. பழைய தெர்மாமீட்டர் உடைந்துபோனதால், மச்சான் குவைத்திலிருந்து கொண்டுவந்த புதியதை என் மனைவி அன்றுதான் முதல்முதலாக எடுத்திருக்கிறாள். மதியம் போன் வந்தது.

"இன்னாங்க, பாப்பாவுக்கு ஒடம்பு நெருப்பா கொதிக்குது."

"தெர்மாமீட்டர் வெச்சியா? எவ்ளோ கீது?"

"முப்பத்தொம்பது புள்ளி நாலு. இன்னா இது, நூறுகூட வரல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எதிரே பேனலில் வெளிக்காற்றின் சூடும் முப்பத்தொன்பது என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"அது வெளிக்காத்த காட்டுது. வெயிலு அவ்ளோ கீது இன்னிக்கு. ஃபேனுக்கு அடியில வெச்சு இன்னொரு வாட்டி பாரு."

பத்து நிமிடத்தில் மறுபடியும் கூப்பிட்டாள். "நாப்பது ஆயிட்சி" என்றாள். அந்த நேரம் பார்த்து ஒரு பம்ப் தகராறு செய்துகொண்டிருந்தது.

"வெயிலு ஏறிகினு கீது, அதான். சும்மா பேஜார் பண்ணாத."

போனை வைத்துவிட்டேன். அந்தக் கடைசி வார்த்தையை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

மூன்றாவது போன் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து. "தம்பி, பாப்பாவுக்கு ஃபிட்ஸ் வந்துட்சி. ஆட்டோல ஆஸ்பத்திரிக்குப் போய்கினு கீறோம். சீக்கிரம் வா."

திருப்போரூர் வரை எப்படி வண்டி ஓட்டினேன் என்று நினைவில்லை. அங்கே சிக்னலில் நின்றபோது கணக்கு தானாக ஓடியது. செல்சியஸை இரட்டிப்பாக்கு, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழி, முப்பத்திரண்டைக் கூட்டு. முப்பத்தொன்பது புள்ளி நான்கு என்றால் நூற்றிமூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. நாற்பது என்றால் நூற்றிநான்கு. இதை நான்தான் என் அண்ணன் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பச்சை விழுந்துவிட்டது என்று பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான்.

ஆஸ்பத்திரியில் குழந்தை கையில் ஊசியோடு தூங்கிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் ஏறினால் சின்னக் குழந்தைகளில் சிலருக்கு இப்படி வருவதுண்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். நான் அழுதுவிட்டேன். என் மனைவி அழவில்லை. நான் விளக்க ஆரம்பித்தேன்: அந்தத் தெர்மாமீட்டர் செல்சியஸில் காட்டுகிறது, உடம்புக்கு அதில் முப்பத்தேழுதான் சரியான அளவு, நான் காற்றின் சூடு என்று...

"ஒடம்பு கொதிக்குதுன்னுதான் நான் சொன்னேன்," என்றாள். "நம்பரு நீங்கதான் கேட்டீங்க."

வீடு திரும்பியதும், தெர்மாமீட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஃபாரன்ஹீட்டுக்கு மாறும் என்று கண்டுபிடித்து மாற்றிவைத்தேன். பெரிய காரியம் செய்ததுபோல அவளிடம் காட்டவும் செய்தேன். சரி என்று வாங்கி அலமாரியில் வைத்தாள்.

ஆடி மாதம் ஒருநாள் வேலை முடிந்து வந்தால், வாசலில் பக்கத்து வீட்டு அக்காவின் செருப்பு. உள்ளே குழந்தை நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தாள். மதியமே காய்ச்சலாம். டாக்டரிடம் போய், மருந்து வாங்கி, ஒரு வேளை கொடுத்தும் ஆகிவிட்டதாம்.

"எனக்கு ஏன் போன் பண்ணல?" என்று மனைவியிடம் கேட்டேன்.

துணியை நனைத்துப் பிழிந்துகொண்டே, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"அக்காவுக்குப் பண்ணேன்."